ஆவணத் தளம்: தீமுக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

மென்பொருளுக்கு ஆவணத் தளம் போடும்போது பலரும் முதலில் தீம், அதாவது தளத்தின் தோற்றம், தேடுகிறார்கள். தீமை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். நூறு பக்கம் எழுதிய பிறகு கருவியையும் அதற்கான எழுத்து வடிவத்தையும் (தலைப்பு, பட்டியல் போன்றவற்றைக் குறிக்கும் முறை) மாற்றுவதுதான் பெரும்பாடு.

பைதான் நூலகமா, ஏபிஐ விளக்கம் (ஒவ்வொரு ஃபங்க்ஷனையும் எப்படி அழைப்பது என்பது) நிறைய வருமா? ஸ்பிங்க்ஸ் எடுங்கள். பைதானின் சொந்த ஆவணங்களுக்காகவே 2008இல் வெளிவந்த கருவி அது. நிரலுக்குள்ளேயே எழுதும் விளக்கக் குறிப்பான டாக்ஸ்ட்ரிங்கை, அதன் ஆட்டோடாக் நீட்சி அப்படியே பக்கமாக்கிவிடும். இன்டர்ஸ்பிங்க்ஸ் நீட்சி இருந்தால் வேறொரு திட்டத்தின் ஃபங்க்ஷனுக்கே நேராக இணைப்புக் கொடுக்கலாம். ஸ்பிங்க்ஸின் இயல்பான எழுத்து வடிவமான ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட் கைக்கு வராதவர்கள் மிஸ்ட் பார்சர் நீட்சியைச் சேர்த்து, எளிய வடிவமான மார்க்டவுனிலேயே எழுதலாம்.

வெறும் பயனர் கையேடு என்றால், மார்க்டவுன் கோப்புகளைத் தளமாக்கும் எம்கேடாக்ஸ் தாராளம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: மார்க்டவுனைப் படிக்கும் விதி எல்லா இடத்திலும் ஒன்றல்ல. அதற்குள் ஓடுவது பைதான்-மார்க்டவுன் நூலகம், கிட்ஹப் பின்பற்றுவது காமன்மார்க் விதிமுறை. கிட்ஹபில் இரண்டு இடைவெளி விட்டாலே உள்பட்டியல் உள்ளே போகும். எம்கேடாக்ஸில் நான்கு வேண்டும், இல்லாவிட்டால் வெளிப்பட்டியலோடு சமமாக நிற்கும். பத்தியை அடுத்து வெற்று வரி விடாமல் பட்டியல் தொடங்கினால் எல்லாம் ஒரே பத்தியாக ஒட்டிக்கொள்ளும்.

தமிழில் எழுதுபவர்களுக்கு இன்னொரு சிக்கல், இதுதான் ஆளைப் படுத்துவது. தலைப்பிலிருந்து ஆங்கர் (பக்கத்தின் ஒரு பகுதிக்கு நேராக இணைப்புக் கொடுக்க உதவும் பெயர்) உருவாக்கும்போது பைதான்-மார்க்டவுன் ஆங்கில எழுத்து, எண் போன்றவற்றையே வைத்துக்கொள்ளும். முழுத் தமிழ்த் தலைப்பில் எதுவும் மிஞ்சாது. அடிக்கோடு ஒன்று, அடிக்கோடு இரண்டு என்று எண் போட்டுவிடும். நடுவில் புதுத் தலைப்பு ஒன்றைச் செருகினால் கீழே உள்ள எண்கள் எல்லாம் நகரும். பழைய இணைப்புகள் வேறு பகுதிக்குப் போய் நிற்கும். பிறமொழி எழுத்துகளையும் ஆங்கரில் வைத்துக்கொள்ளும் யூனிகோட் ஸ்லக் விருப்பத்தைப் போட்டாலும் தீராது. புள்ளியும் உயிர்க்குறிகளும் எழுத்துக் கணக்கில் வராததால் உதிர்ந்துபோய், 'நிறுவுதல்' 'நறவதல' ஆகிவிடும். 'பதிவு', 'பதவி' இரண்டுமே 'பதவ'தான்!

ஆகவே ஆங்கரைக் கையால் கொடுத்துவிடுங்கள். அமைப்புக் கோப்பில் அட்ரிபியூட் லிஸ்ட் நீட்சியைச் சேர்த்து, தலைப்பு வரியின் கடைசியில் நெளிவு அடைப்புக்குள் ஹேஷ் குறியும் ஓர் ஆங்கிலச் சொல்லும் எழுதினால் போதும். பிறகு தலைப்பைத் திருத்தினாலும் இணைப்பு அசையாது. ஸ்பிங்க்ஸிலும் தமிழ்த் தலைப்புக்கு இதே எண் சிக்கல்தான். அங்கே தலைப்புக்கு மேலே லேபிள், அதாவது நீங்களே வைக்கும் இணைப்புப் பெயர், வையுங்கள்.

கோப்புகளைத் தளமாக்கும் பில்டை எப்போதும், எச்சரிக்கை வந்தாலே தோல்வி என்று சொல்லும் ஸ்ட்ரிக்ட் முறையில் ஓட்டுங்கள். ஆனால் எம்கேடாக்ஸில் அது மட்டும் இருந்தால் உடைந்த ஆங்கர் தப்பிவிடும், ஏனென்றால் இயல்பாக அது வெறும் தகவலாகத்தான் பதிவாகிறது. 1.6 பதிப்பு முதல் அமைப்புக் கோப்பின் வேலிடேஷன் பகுதியில் ஆங்கர்களை 'வார்ன்' (எச்சரிக்கை) என்று மாற்ற முடியும். மாற்றிவிட்டு, மெர்ஜுக்கு (மாற்றங்களை முதன்மைக் கிளையில் சேர்ப்பதற்கு) முன் ஓடும் சோதனையில் இதையும் சேர்த்துவிடுங்கள்.