சிறிய வட்டம்

பிப்ரவரி 3

காலைப் பயிற்சியின் மூன்றாவது எண்டில், அதாவது சுற்றில், பந்தைப் பக்கம் மாற்றிப் பிடித்து அனுப்பிவிட்டேன். இலக்காக வைக்கும் சிறு பந்தான ஜாக்கை நோக்கி உள்ளே வளைந்து வர வேண்டிய பந்து எதிர்ப்புறமாக வளைந்து, எல்லையைத் தாண்டி அடுத்த ஆடுதடமான ரிங்க்கில் ஆடிக்கொண்டிருந்தவர்களின் காலடியில் போய் நின்றது. லான் பவுல்ஸ் ஆட வந்த முதல் மாதத்தில் எல்லோரும் செய்யும் பிழை இது. பந்தின் ஒரு பக்கத்தில் பெரிய வட்டமும் மறுபக்கத்தில் சிறிய வட்டமும் இருக்கும். சிறிய வட்டம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கமே பந்து வளையும். இத்தனை ஆண்டுகளில் நான் அதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்ததே இல்லை. பந்தை எடுக்கும்போதே விரல் நுனி தடவி அறிந்துகொள்ளும். இன்று விரல் எதையும் அறியவில்லை.

பிப்ரவரி 4

ஒவ்வொரு பந்தையும் கண்ணால் பார்த்த பிறகே அனுப்பினேன். சிறிய வட்டம் உள்ளே.

பிப்ரவரி 7

நாங்கள் ஆடப்போகும் புல்தளம் பதினொரு வினாடித் தளம் என்று பயிற்சியாளர் சொன்னார். நான் வளர்ந்ததெல்லாம் பதினைந்து, பதினாறு வினாடித் தளங்களில். 27 மீட்டர் தொலைவில் உள்ள ஜாக்கின் அருகே பந்து போய் நிற்க எடுக்கும் நேரமே தளத்தின் வேகம். வினாடிகள் கூடினால் வேகமான தளம், குறைந்தால் மந்தமான தளம் என்பது வெளியாருக்கு முரணாகத் தோன்றும். ஆனால் வேகமான தளத்தில் புல் பந்தைத் தடுப்பதில்லை. மெல்ல அனுப்பினாலே போதும், அது நிதானமாக, அகலமாக வளைந்து, நெடுநேரம் உருண்டு வந்து சேரும். மந்தமான தளத்தில் அதே தொலைவுக்குக் கையின் வலு முழுவதையும் கொடுத்துத் தள்ள வேண்டும். என் வலது மணிக்கட்டு இன்று எனக்குத் தரக்கூடியது மெல்லிய பந்தை மட்டுமே. இந்த ஒரு கணக்கு நாள் முழுவதும் மனத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

பிப்ரவரி 10

இரவு இரண்டு மணிக்குக் கை மரத்துப்போய் விழித்துக்கொண்டேன். கையை உதறியபடி விடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.

காலையில் மருத்துவர், மணிக்கட்டில் நரம்பு அழுத்தப்படுவது போலத் தெரிகிறது, நரம்புப் பரிசோதனை செய்து பார்த்துவிட்டே உறுதியாகச் சொல்ல முடியும் என்றார். பந்தின் எடையைக் கேட்டார். ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ என்றேன். ஒரு நாளில் எத்தனை முறை என்றார். பயிற்சி நாளில் இருநூறு முறை என்று சொல்லிவிட்டு, முந்நூறு கிலோ என்று நானே பெருக்கிப் பார்த்தேன். அதுவரை ஒருநாளும் அப்படிப் பெருக்கிப் பார்க்கத் தோன்றியதில்லை.

பிப்ரவரி 12

ஓர் அளவு சிறிய பந்துகளை இரவல் வாங்கி ஆடிப் பார்த்தேன். விரல்களால் கவ்விப் பிடிக்கும் என் வழக்கமான பிடியை விட்டுவிட்டு, உள்ளங்கையில் குழந்தையைப் போலப் பந்தை ஏந்தும் தொட்டில் பிடிக்கும் மாறினேன். மந்தமான தளங்களில் பலர் விரும்பும் பிடி அது. விரல்களுக்கு வேலை குறைவு. வலி தணிந்தது உண்மை. ஆனால் அந்தப் பந்துகள் வேறு வளைவு உடையவை. நான் குறிவைத்த கோட்டில் ஒன்றுகூட வந்து சேரவில்லை. கை நினைவில் வைத்திருக்கும் ஒரு கோட்டை மாற்றி எழுத எத்தனை வாரங்கள் ஆகும்? என்னிடம் இருப்பவை ஆறு.

பிப்ரவரி 15

இங்கிலாந்து வீரர் டேவிட் பிரையன்ட்டையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். 1962-இல் காமன்வெல்த் ஒற்றையர் தங்கம் வென்றவர். 1966-இல் கிங்ஸ்டனில் நடந்த போட்டிகளில் லான் பவுல்ஸே இடம்பெறவில்லை. எட்டு ஆண்டுகள் காத்திருந்து 1970-இல் வந்து மீண்டும் வென்றார். 1974-லும் 1978-லும் வென்றார். காத்திருந்த அந்த இடைவெளியில், 1966-இலேயே முதல் உலக ஒற்றையர் பட்டத்தையும் வென்றார். அவர் பந்தை அனுப்பும் இடத்தில் விரித்த பாயின் மேல் குந்தி அமர்ந்து, பிறகு எழுந்து பந்தை அனுப்பும் விதத்தைப் பழைய படப்பதிவுகளில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். இன்று அவருடைய விரல்களை மட்டும் பார்த்தேன்.

பிப்ரவரி 16

மழை. பயிற்சி இல்லை. அதற்காக மகிழ்ந்தேன் என்பதே அச்சமாக இருக்கிறது.

பிப்ரவரி 18

அணியின் தலைவரான ஸ்கிப்பிடம் இன்றும் சொல்லவில்லை.

நால்வர் ஆட்டத்தில் ஆளுக்கு இரண்டு பந்துகள். லீடாக, அதாவது முதல் ஆளாக, ஆடும் நான் பாயை விரித்து, ஜாக்கை உருட்டி, என் இரண்டு பந்துகளையும் அதன் அருகே கொண்டுபோய் வைத்தால்தான் பின்னால் வரும் மூவரும் துணிந்து ஆட முடியும். நான் தவறினால், ஸ்கிப் தன் கடைசிப் பந்தை வெற்றிக்காக அல்லாமல், என் பிழையைச் சரிக்கட்டவே செலவிட வேண்டியிருக்கும். அவர் அதை முகம் சுளிக்காமல் செய்வார் என்பது எனக்குத் தெரியும்; அதனாலேயே மறைப்பது கூடுதலாக உறுத்துகிறது.

2022 ஆகஸ்ட் 2 அன்று நடந்த காமன்வெல்த் பெண்கள் நால்வர் இறுதி ஆட்டத்தை மறுபடி பார்த்தேன். தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 10-10 என்று நின்ற ஆட்டம் இந்தியாவுக்கு 17-10 என்று முடிந்தது. லீடாக லவ்லி சௌபே, அடுத்து பிங்கி, மூன்றாவதாக நயன்மோனி சைகியா, ஸ்கிப்பாக ரூபா ராணி டிர்க்கி. நயன்மோனி முதலில் பளுதூக்கும் வீராங்கனை. காயம் அவரை அந்த விளையாட்டிலிருந்து வெளியேற்றிய பிறகே இந்தப் புல்தளத்துக்கு வந்தார். காயம்பட்டவர்கள் வந்து சேரும் விளையாட்டு என்றே இதை நினைத்திருந்தேன். இதிலிருந்து காயத்தோடு வெளியேறுபவர்கள் எங்கே போவார்கள்?

பிப்ரவரி 21

பரிசோதனை முடிந்தது. முடிவு வியாழக்கிழமை, அணிப் பட்டியல் வெள்ளிக்கிழமை. இடையில் ஒரே ஓர் இரவு.

பிப்ரவரி 22

ஸ்கிப்பிடம் சொல்லிவிட்டேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு என் கையைப் பிடித்து, ஒவ்வொரு விரலாக அழுத்தி, “இது தெரிகிறதா? இது?” என்று கேட்டுக்கொண்டே வந்தார். சுட்டுவிரலுக்கு வந்ததும் பொய் சொல்ல முடியவில்லை. பட்டியலைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், காலை ஆறு மணிக்குத் தளத்துக்கு வரும்படி மட்டும் சொன்னார். அந்த நேரத்தில் புல் ஈரமாக இருக்கும். பதினொரு வினாடிக்கு அருகில் வருவது அந்த ஒரு மணி நேரம்தான். எந்தப் பந்துகளைக் கொண்டுவருவது என்று கேட்டேன். “உன்னுடையதை” என்றார்.

பிப்ரவரி 23

மணி ஐந்து. பழைய பந்துகள் நான்கையும் துடைத்துப் பைக்குள் வைத்தேன். கண்ணை மூடி ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்தேன். நான்கில் மூன்று தெரிந்தன.