ஏலத்தில் எடுத்துவிட்டுப் பேசாமல் போகிறவர்கள்

எங்கள் விற்பனை எல்லாம் நடப்பது கல்லடி வீட்டுக் குசினி மேசையில்தான். அப்பா மட்டக்களப்பு டவுனில் முப்பது வருடத்துக்கு மேல் ஸ்டூடியோ வைத்திருந்தவர். டிஜிட்டல் வந்து, பிறகு எல்லோர் கையிலும் போன் வந்ததும் கடையை மூடிவிட்டார், கமராக்களை மட்டும் விடவில்லை. தன்னுடையது, சிநேகிதர்கள் சும்மா கொடுத்தது, பழுதென்று யாரோ கழித்துவிட்டது என்று வீட்டில் ஒரு அலுமாரி நிறையக் கிடந்தது. வாவிக் காற்றின் ஈரத்துக்கு லென்ஸ் எல்லாம் பங்கஸ் பிடிக்கும், சும்மா வைத்திருந்தால் இரண்டு மாரியில் கண்ணாடிக்குள் சிலந்தி வலை மாதிரி படர்ந்துவிடும். அதனால் அவர் திருத்துவதைத் திருத்தட்டும், நான் இணைய ஏலத் தளமான ஈபேயில் போட்டு விற்கிறேன் என்று தொடங்கினோம். இப்போது நாலு வருடமாகிறது. ஏலத்தில் எடுத்துவிட்டுக் காசு கட்டாமல் போகிறவர்களை எப்படிக் கையாளுவது என்று இங்கிருந்து விற்கும் இரண்டு மூன்று பேர் என்னிடம் கேட்டார்கள், அதற்காகத்தான் எழுதுகிறேன்.

முதல் அடி யஷிகா மெட் 124ஜியில் விழுந்தது. இரட்டை லென்ஸ் கமரா, மேலே மூடியைத் திறந்து குனிந்து பார்த்துப் படம் எடுப்பது. அப்பா அதோடு மூன்று கிழமை இருந்தார். பின்மூடியின் ஓரத்தில் வெளிச்சம் போகாமல் வைத்திருக்கும் ஸ்பொஞ்ச் பழசாகித் தார் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது, அதைப் பல்லுக்குத்தியில் பஞ்சு சுற்றி ஸ்பிரிட் தொட்டுத் தொட்டு எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கறுப்புக் கம்பளி நூலை ஒட்டினார். பிறகு ஷட்டரை ஒரு செக்கனில் வைத்து அடித்துக் காதோடு வைத்துக் கேட்பார். அந்த ஒரு செக்கனுக்கும் உள்ளே சின்னப் பற்சக்கரங்கள் ஓடும் சத்தம் ஒரே சீராக வரவேண்டும், நடுவில் இழுத்தால் இன்னும் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறது என்று அர்த்தம். நூறு தடவையாவது அடித்திருப்பார்.

ஏலம் அமெரிக்காவில் ஞாயிறு இரவு முடியும்படி போட்டேன், ஆட்கள் வீட்டில் இருக்கும் நேரம் என்று. நியூயோர்க்கில் இரவு ஒன்பது மணி என்றால் அவர்களுடைய கோடைகாலத்தில் எங்களுக்குத் திங்கள் காலை ஆறரை. வேலைக்குப் போகும் அவசரத்திலும் இரண்டு பேரும் போனைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். நூற்றைம்பது டொலரில் நின்றது கடைசி மூன்று நிமிடத்தில் ஏறி 236.50 டொலரில் முடிந்தது. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் போட்டுப் பார்த்தார்.

எடுத்தவரின் கணக்கு புதுசு, முன்பு ஒன்றுமே வாங்கியிருக்கவில்லை. அதை நான் பெரிதாக எடுக்கவில்லை. அன்று மாலையே பெட்டி தேடி, குமிழிப் பிளாஸ்டிக் சுற்றி, டேப் ஒட்டி, சுங்கப் படிவத்தையும் எழுதி வைத்துவிட்டேன். காசு வரவில்லை. செவ்வாய் ஒரு செய்தி அனுப்பினேன், வியாழன் இன்னொன்று. மறுமொழி இல்லை. அடுத்த கிழமை இன்னும் மூன்று அனுப்பினேன், ஒவ்வொன்றும் முந்தியதைவிட நீளம், கடைசியில் கிட்டத்தட்டக் கெஞ்சினேன். அவர் அதைப் பார்த்தாரா என்றுகூட எனக்குத் தெரிய வழியில்லை. அப்பா ஒவ்வொரு நாளும் தேத்தண்ணியோடு வந்து கேட்பார், "மறுகா என்னவாம் புள்ள, காசு போட்டானாமா?" இல்லை என்று சொல்லச் சொல்ல எனக்குத்தான் ஆத்திரம் வந்தது. ஆத்திரம் காசுக்காக மட்டுமில்லை. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று ஒரு வரி எழுத எவ்வளவு நேரம் போகும்? ஒரு கிழவர் மூன்று கிழமை கண் வலிக்க வேலை செய்த சாமானை எடுத்து வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அப்படியே விட்டுவிட்டுப் போவது என்ன பழக்கம்?

அப்போது எனக்கு நடைமுறை தெரியாது. நான் சும்மா காத்திருந்த மூன்று கிழமையும் தேவையே இல்லை. வாங்கியவருக்குக் காசு கட்ட நாலு நாள் இருக்கிறது, ஐந்தாம் நாளிலிருந்து விற்பவர் தானே அந்த ஓடரை ரத்துச் செய்யலாம். ரத்துச் செய்யும்போது காரணம் கேட்கும். இதில்தான் கவனம் வேண்டும், நான் பிழைவிட்ட இடமும் இதுதான். எனக்கு இருந்த களைப்பில், யாரோடும் சண்டை வேண்டாம் என்று நினைத்து, சாமான் கையிருப்பில் இல்லை என்ற காரணத்தை அழுத்திவிட்டேன். அது விற்பவருடைய குற்றமாகப் பதியும். என் கணக்கில்தான் அந்தக் கறுப்புப் புள்ளி விழுந்தது, காசு கட்டாமல் போனவருக்கு ஒன்றும் இல்லை. வாங்கியவர் காசு கட்டவில்லை என்று தனியாக ஒரு காரணம் இருக்கிறது, அதைத் தெரிவு செய்தால் அந்தப் பதிவு அவர் பெயரில் போகும், தளத்தின் கமிஷனும் உங்கள் தலையில் விழாது. தயவுசெய்து இதை மட்டுமாவது ஞாபகத்தில் வையுங்கள். நல்ல மனசோடு வேறு காரணத்தை அழுத்தினால், அதே ஆள் நாளைக்கு இன்னொருவருடைய சாமானிலும் இதையே செய்வார், அங்கே அவரைத் தடுக்க ஒரு பதிவும் இருக்காது.

ஏனென்றால் அந்தப் பதிவுக்கு வேலை இருக்கிறது. உங்கள் விற்பனை அமைப்புகளில், ஒரு வருடத்துக்குள் இரண்டு தடவை இப்படிக் காசு கட்டாமல் விட்டவர்கள் என் சாமானுக்கு விலை கேட்கக்கூடாது என்று ஒரு கட்டுப்பாடு போடலாம். நாங்கள் பார்சல் அனுப்பாத நாட்டிலிருந்து கேட்பவர்களையும் தடுக்கலாம், குறிப்பிட்ட ஒரு ஆளைப் பெயர் போட்டும் தடுக்கலாம். ஆனால் வாங்குபவருக்குக் கெட்ட மதிப்புரை கொடுக்க முடியாது, 2008ஆம் ஆண்டிலேயே ஈபே அதை நிறுத்திவிட்டது. ஆகவே சத்தம் போட்டுப் பழி தீர்க்க வழி இல்லை, அந்த ஒரு காரணத்தைச் சரியாக அழுத்துவதுதான் எங்கள் கையில் இருப்பது.

சரி, யஷிகாவுக்கு வருகிறேன். இரண்டாவதாக நின்றவர் 234 டொலர் வரை கேட்டிருந்தார். ஏலம் முடிந்து அறுபது நாளுக்குள் அவருக்கு இரண்டாம் வாய்ப்பு என்று அனுப்பலாம், விலை அவர் கடைசியாகக் கேட்ட விலைதான், எங்களால் மாற்ற முடியாது. அனுப்பினேன். அவர் மறுநாள் ஒரு கேள்வி கேட்டார்: அந்த முதல் ஆள் உங்களுடைய ஆளா?

எனக்கு முகம் சுட்டது. ஆனால் யார் யார் எவ்வளவு விலை கேட்டார்கள் என்ற பட்டியலைத் திறந்து அவர் பக்கத்திலிருந்து பார்த்தபோது அவர் கேட்டதில் பிழை இல்லை. மூன்றாவது ஆள் நூற்றைம்பது டொலர் வரைதான் வந்திருக்கிறார். அதற்கு மேல் விலையை ஏற்றியது இந்தப் புதுக் கணக்கும் இவரும் மட்டும். புதுக் கணக்கு இல்லாவிட்டால் இவர் நூற்றைம்பதுக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்து எடுத்திருப்பார். விற்பவரே கள்ளக் கணக்கில் விலையை ஏற்றிவிட்டு, பிறகு இரண்டாம் வாய்ப்பு என்று வருவது நடக்கிற மோசடிதான், தளத்தில் தடை செய்யப்பட்டதும்கூட. வெறும் பெயரில் வந்து விலை ஏற்றிவிட்டுப் போகிறவர் செய்யும் பெரிய சேதம் இதுதான் என்று எனக்குப் படுகிறது. காசு கட்டாமல் போனது அவர், கள்ளி என்று சந்தேகப்பட்டுப் பார்க்கப்படுவது நான். ஒரு நாள் யோசித்துவிட்டு அவருக்கு உள்ளதை உள்ளபடி எழுதினேன், உங்கள் சந்தேகம் நியாயம், அந்த ஏற்றிய விலை எனக்கு வேண்டாம், 165 டொலருக்கு நேர் விலையில் போடுகிறேன், விருப்பம் என்றால் எடுங்கள் என்று. அப்பா ஷட்டரை ஒவ்வொரு வேகத்திலும் அடிக்கும் வீடியோவையும் பார்க்கக் கொடுத்தேன். பேசியது எல்லாம் தளத்துக்குள்ளேயேதான். வெளியே வாருங்கள், வங்கிக்கு நேரே போடுகிறேன் என்று யார் சொன்னாலும் போகாதீர்கள், பிறகு பிரச்சினை வந்தால் கேட்க ஆள் இல்லை. உடனே காசு கட்டினால்தான் விற்றதாகும் என்ற அமைப்போடு போட்டேன், பத்து நிமிடத்தில் எடுத்துவிட்டார். வெளிநாட்டுக் காசை எங்களுக்கு அனுப்பும் பேயோனியர் வழியாகக் காசு வந்தது. எழுபது டொலர் குறைந்தது என்று எனக்குக் கவலை வரவில்லை.

எல்லோரையும் ஒரே கண்ணால் பார்க்கக்கூடாது என்பதையும் சொல்லவேண்டும். அவுஸ்திரேலியாவிலிருந்து ஒருவர் ஒரு லென்ஸை எடுத்த அரை மணித்தியாலத்தில் எழுதினார், வேறொரு கமராவுக்குப் பொருந்துமென்று பிழையாக நினைத்துவிட்டேன், என்னுடைய பிழைதான், மன்னிக்கவும் என்று. அவருக்கு நான் வாங்கியவர் கேட்டுக்கொண்டதால் ரத்து என்ற காரணத்தைப் போட்டேன், அது அவர் பெயரிலும் பதியாது, என் பெயரிலும் பதியாது. வாய் திறந்து சொன்னவருக்கு அவ்வளவு மரியாதை கொடுக்கலாம். இன்னொரு பெண் நாலாம் நாள் எழுதினார், வெளிநாட்டு விற்பனை என்று வங்கி அட்டையை மறித்துவிட்டது, திங்கட்கிழமைதான் சரிவரும் என்று. நான் ரத்துச் செய்யவில்லை, ஆறாம் நாள் காசு வந்தது. குறித்த நாளில் தானாகவே ரத்தாகும்படி அமைத்துவிடவும் முடியும், பல பேர் அப்படித்தான் செய்கிறார்கள். நான் இந்தப் பெண்ணுக்குப் பிறகு அதைப் போடவில்லை.

அப்பாவுடைய பழக்கமும் அதற்கு ஒரு காரணம். ஸ்டூடியோக் காலத்தில் படம் எடுத்துவிட்டு வாங்க வராமல் விட்டவர்கள் எத்தனையோ பேர். பாஸ்போட் படம் என்றால் போகட்டும், கலியாண அல்பம் செய்து முடித்த பிறகும் வராதவர்கள் உண்டு. அதனால் பாதிக் காசை முன்பணமாக வாங்காமல் அவர் கமராவைத் தொடமாட்டார். ஆனால் வராதவர்களின் படத்தையும் நெகடிவையும் ஒரு நாளும் எறியவில்லை, பெயர் எழுதி உறைக்குள் போட்டு அலுமாரியில் வைத்தார். ஆளுக்கு என்ன நடந்ததோ யாருக்குத் தெரியும் என்பார். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாவலடியிலிருந்தும் டச்பாரிலிருந்தும் ஆட்கள் வந்து கடை வாசலில் நின்றார்கள், வீட்டில் ஒரு படமும் மிஞ்சவில்லை, எங்கள் ஆட்களின் நெகடிவ் உங்களிடம் இருக்கிறதா என்று. அந்த அலுமாரியிலிருந்து எடுத்துக் கழுவிக் கொடுத்தார். மிச்சப் பாதிக் காசை யாரிடமும் கேட்கவில்லை.

முன்பண விஷயத்தை நான் உள்ளூர் விற்பனையில்தான் பிடித்துக்கொண்டேன். பேஸ்புக்கில் கொமன்ட் போட்டு ஏலம் கேட்கும் குழுக்கள் இருக்கின்றன, அங்கே ஒரு பென்டக்ஸ் கே1000 கமரா போட்டேன். கொழும்புப் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டு எடுத்தார், வீட்டுக்கு வந்ததும் காசு தருகிறேன் என்றார். கூரியரில் அனுப்பினேன். வாசலில் வைத்து வேண்டாம் என்று திருப்பிவிட்டார், போனை எடுக்கவில்லை. போன கூலியும் வந்த கூலியும் என் கையிலிருந்துதான். பெட்டி திரும்பி வந்தபோது ஒரு மூலை நசுங்கி இருந்தது, நல்லகாலம் உள்ளே ஒன்றும் ஆகவில்லை. இப்போது உள்ளூரில் யார் எடுத்தாலும் இரண்டாயிரம் ரூபா வங்கியில் போட்டு, சிட்டையை வட்ஸ்அப்பில் அனுப்பிய பிறகுதான் அடுத்த பேச்சு. அப்படிக் கேட்டதும் பாதிப் பேர் காணாமல் போகிறார்கள். மிச்சப் பேர் உண்மையாக வாங்குகிறவர்கள்.

ஈபேயில் விலை கூடிய கமராக்களை இப்போது ஏலத்தில் விடுவதே குறைவு, நேர் விலை போட்டு உடனே காசு என்று வைத்துவிடுகிறேன். சின்னச் சாமான்கள், பழைய பில்டர், தோல் உறை, வெளிச்சம் அளக்கும் மீற்றர் இவைதான் ஏலத்துக்கு. அதிலும் ஒரு டொலருக்குக் கீழே தொடங்குவதை விட்டுவிட்டேன், விளையாட்டுக்குக் கேட்கிறவர்களை அந்தத் தொடக்க விலைதான் கூப்பிடுகிறது. நாங்கள் கொடுக்கக்கூடிய ஆகக் குறைந்த விலையில் தொடங்கினால் கேட்பவர் இரண்டு பேராக இருந்தாலும் பரவாயில்லை. ஏலம் முடிந்ததும் ஒரு செய்தி, மூன்றாம் நாள் இன்னொன்று, அவ்வளவுதான். இரண்டும் இரண்டு வரிக்கு மேல் போகாது, கெஞ்சலும் இல்லை, கோபமும் இல்லை: காசு கட்டினால் அடுத்த வேலை நாளில் தபாலில் போடுவேன், எடுக்க முடியாத நிலை என்றால் சொல்லுங்கள், நான் ரத்துச் செய்து தருகிறேன். சொல்வதற்கு ஒரு கதவைத் திறந்து வைத்தால் கொஞ்சப் பேராவது அதால் வருகிறார்கள் என்பதைக் கண்டிருக்கிறேன்.

இந்தத் திங்கள் காலையும் ஒரு லைட் மீற்றர் 41 டொலருக்கு முடிந்தது. இன்றைக்கு வியாழன், இரண்டாவது செய்தியும் போய்விட்டது, இன்னும் ஒன்றும் வரவில்லை. ஐந்தாம் நாளான சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அலாரம் வைத்திருக்கிறேன். அப்பா இப்போதும் தேத்தண்ணியோடு வந்து கேட்கிறார், நான் நாட்களைக் கணக்குப் பார்த்துச் சொல்கிறேன். மீற்றர் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பைகளோடு பிஸ்கட் டின்னுக்குள் இருக்கிறது, பெட்டியை இன்னும் மடிக்கவில்லை.