பாத்டப்புல படுத்திருந்த பொண்ணு வரைஞ்ச படத்தைத் தேடி

லண்டன்ல கோவர் ஸ்ட்ரீட் ஏழாம் நம்பர் வீட்டு வாசல்ல நான், அக்கா, அக்கா பொண்ணு மூணு பேரும் குடையைப் பிடிச்சுகிட்டு அண்ணாந்து பாத்துட்டு நின்னோம், போறவங்க வர்றவங்க எல்லாம் வாடகைக்கு வீடு தேடுறவங்கன்னு நினைச்சிருப்பாங்க. பிரிட்டிஷ் மியூசியத்துல இருந்து நடந்து போற தூரம்தான். சுவத்துல ஒரு பலகை இருக்கு, 1848ல இந்த வீட்டுலதான் ப்ரீ-ராஃபேலைட் பிரதர்ஹுட் ஆரம்பிச்சதுன்னு. ஏழு பசங்க, ஓவியர் மில்லேயோட அப்பா அம்மா வீட்டுல உக்காந்து, ராயல் அகாடமிங்கற பெரிய ஓவியப் பள்ளிக்கூடம் சொல்லிக் குடுக்கிற ஃபார்முலா எல்லாம் வேணாம், இத்தாலி ஓவியர் ராஃபேலுக்கு முந்தின காலத்து ஓவியர்கள் மாதிரி பளிச்சுன்னு, ஒவ்வொரு இலையையும் பாத்துப் பாத்து வரைவோம்னு முடிவு பண்ணாங்க.

நான் வந்தது இதே வீட்டுல இருந்த ஒரு பாத்டப்புக்காக. 1852 குளிர்காலத்துல அந்த டப்புல தண்ணி ரொப்பி, அடியில எண்ணெய் விளக்கு வெச்சு சூடு பண்ணி, எலிசபெத் சிடால்னு 22 வயசுப் பொண்ணை மணிக்கணக்கா படுக்க வெச்சுதான் மில்லே "ஒஃபீலியா" வரைஞ்சாரு, ஷேக்ஸ்பியரோட "ஹாம்லெட்" நாடகத்துல ஆத்துல மூழ்கிச் சாகுற பொண்ணு. ஆத்தங்கரை, பூ, செடி எல்லாம் அதுக்கு முன்னாடியே சர்ரேல ஈவெல் பக்கம் ஹாக்ஸ்மில் ஆத்தோரம் மாசக்கணக்கா உக்காந்து வரைஞ்சு முடிச்சாச்சு, நடுவுல ஆள் மட்டும் பாக்கி. ஒரு நாள் விளக்கு அணைஞ்சு போச்சு, இவரு வரையற மும்முரத்துல கவனிக்கல, அந்தப் பொண்ணும் ஆடாம அசையாம அப்படியே கிடந்திருக்கு. காய்ச்சல்ல விழுந்துருச்சு. அவங்க அப்பா 50 பவுண்டு வைத்தியச் செலவு குடுன்னு சண்டைக்கே போயிட்டாரு, கடைசில மில்லே அதைவிடக் கம்மியா ஒரு தொகை குடுத்து முடிச்சாரு. அந்த சரிகை கவுன் பழசா வாங்கினது, அதுவே நாலு பவுண்டு.

அங்க இருந்து பிம்லிகோ ஸ்டேஷன் போய் டேட் பிரிட்டன், அந்தப் படம் இருக்கிற ஓவிய மியூசியம். உள்ள போக காசு கிடையாது. ஒஃபீலியா முன்னாடி கூட்டம், எல்லார் கையிலயும் ஃபோன். நான் நினைச்சதை விட படம் சின்னது, ஒரு மீட்டருக்கு கொஞ்சம் கூட அகலம், ஆனா அந்தப் பச்சை இருக்கே, 170 வருஷத்துக்கு மேல ஆனது மாதிரியே இல்ல. அக்கா பொண்ணு ரொம்ப நேரம் பாத்துட்டு "சித்தி, இவங்க செத்துட்டாங்களா, குளிருதா?"ன்னு கேட்டா. கதையில சாகப் போறாங்க, வரையறப்போ குளிருச்சுன்னேன்.

நிறைய பேருக்கு சிடாலோட கதை இங்கயே முடிஞ்சிரும், இல்லேன்னா கல்லறைக்குப் போயிரும். அந்த ஏழு பேர்ல ஒருத்தரான புருஷன் ரொசெட்டி தன்னோட கவிதை நோட்டை அவங்க சவப்பெட்டியில வெச்சுப் புதைச்சது, ஏழு வருஷம் கழிச்சு 1869ல ஹைகேட் கல்லறையைத் தோண்டி அதைத் திரும்ப எடுத்தது, எடுத்து மறு வருஷமே புக்கு போட்டது. லாடனம்னு அபின் கலந்த மருந்து அளவு மீறிப் போய் 32 வயசுல செத்தவங்க. இந்தக் கதையைச் சொல்ற யாரும் அவங்க என்ன வரைஞ்சாங்கன்னு சொல்றதில்ல, அதுதான் எனக்கு ரொம்ப நாளா எரிச்சல்.

அவங்க தொப்பிக் கடையில வேலை பாத்தவங்க. லெஸ்டர் ஸ்கொயர் பக்கம் கடை, அங்க இருந்துதான் மாடலா கூட்டிட்டு வந்தாங்க. அப்புறம் தானே வரைய ஆரம்பிச்சாங்க. ரஸ்கின், அந்தக் காலத்துல கலை விமர்சனத்துல அவரு சொன்னா சொன்னதுதான், 1855ல அவங்க படங்களை வாங்கிகிட்டு வருஷத்துக்கு 150 பவுண்டு தர்றேன்னாரு. 1857ல இந்த குரூப்பு தனியா ஒரு கண்காட்சி போட்டப்போ அதுல இருந்த ஒரே பொம்பளை இவங்கதான். வீட்டுப் பேரு இங்கிலீஷ்ல ரெண்டு 'எல்' போட்டு எழுதுறது, ரொசெட்டி ஒண்ணை எடுத்துட்டாரு, அழகா இருக்குமாம்!

அப்போ அவங்க வரைஞ்சது எல்லாம் எங்க? பெரும்பாலும் பேப்பர்ல வரைஞ்சது, வாட்டர்கலர், பென்சில், பேனா. வெளிச்சம் பட்டா வெளுத்துப் போயிரும்னு இந்த மாதிரி படங்களை கேலரியில நிரந்தரமா மாட்ட மாட்டாங்க, இருட்டுல பெட்டிக்குள்ள பத்திரமா இருக்கும். ஆயில் பெயிண்ட்டுக்கு அந்தப் பிரச்சனை கம்மி. அதனால மத்தவங்க வரைஞ்ச சிடால் சுவத்துல தொங்குறாங்க, சிடால் வரைஞ்சது உள்ள இருக்கு. ஆனா டேட்ல பிரிண்ட்ஸ் அண்ட் டிராயிங்ஸ் ரூம்னு ஒண்ணு இருக்கு, முன்னாடியே எழுதிக் கேட்டு நேரம் வாங்கிட்டா எடுத்து மேசையில வெச்சுக் காட்டுவாங்க. நான் ஊர்ல இருந்தே எழுதி வாங்கியிருந்தேன். பேனாவை உள்ள எடுத்துப் போகாம, கையைக் கழுவிட்டு, மூச்சை அடக்கிகிட்டு உக்காந்தேன்.

வந்தது உள்ளங்கையை விட கொஞ்சம் பெருசு, 14 சென்டிமீட்டருக்கு 14. போருக்குக் கிளம்புற ஒரு வீரனோட ஈட்டியில கொடியை மாட்டுறாங்க, ஒரு பொண்ணும் கூட உக்காந்து வேலை பாக்குறா. அழுவலை, ஜன்னலைப் பிடிச்சுகிட்டு ஏங்கலை, கையில வேலை இருக்கு. உடம்பு அளவெல்லாம் கொஞ்சம் தப்பாத்தான் இருக்கு, ஒத்துக்கறேன், முறையா கத்துக்கிட்ட கையில்ல அது. ஆனா எங்க போய் கத்துக்கறது? ராயல் அகாடமி ஸ்கூல்ல பொண்ணுங்களுக்கு இடம் கிடையாது. 1860ல லாரா ஹெர்ஃபோர்டுங்கறவங்க முழுப் பேரு போடாம இனிஷியல் மட்டும் போட்டு டிராயிங் அனுப்பினாங்க, ஆம்பளைன்னு நினைச்சு சீட்டு குடுத்துட்டாங்க, அப்புறம்தான் விஷயம் தெரிஞ்சது, வேற வழியில்லாம சேத்துக்கிட்டாங்க. உள்ள போனாலும் உடம்பைப் பாத்து வரையற கிளாஸ்ல பொண்ணுங்களை விட 1893 வரைக்கும் ஆச்சு.

திரும்ப கேலரிக்கு வந்தா வாட்டர்ஹவுஸோட "லேடி ஆஃப் ஷாலட்", 1888, ரெண்டு மீட்டர் அகலம், படகுல வெள்ளை டிரெஸ்ஸுல தலைமுடியை விரிச்சுகிட்டு சாகப் போற பொண்ணு. டென்னிசன் கவிதையில வர்றவ, கண்ணாடியில தெரியறதை மட்டும் பாத்துத் தறி நெய்யணும், ஜன்னல் வழியா வெளிய பாத்தா சாபம். இதே கதையை சிடால் 1853லயே வரைஞ்சிருக்காங்க. அவங்க படத்துல படகு கிடையாது. தறிக்கு முன்னாடி நிமிந்து உக்காந்திருக்கா, வேலைக்கு நடுவுல ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பிப் பாக்குறா, பின்னாடி கண்ணாடி விரிசல் விடுது. அவ்வளவுதான். எனக்கு இதுதான் பிடிக்கும்.

அன்னிக்கு ராத்திரி சாப்பிட்டுட்டு அக்காவுக்கு ஃபோன்ல ஃபேனி ஈட்டனைக் காட்டினேன், இந்த ஓவியர்களுக்கு மாடலா உக்காந்த இன்னொருத்தவங்க. ஜமைக்காவுல பிறந்தவங்க, அம்மா அடிமையா இருந்தவங்க. லண்டன்ல குதிரை வண்டி ஓட்டுறவரைக் கல்யாணம் பண்ணி பத்துப் பிள்ளைங்க. ராயல் அகாடமி கணக்குல 1860ல மூணு தடவை உக்காந்ததுக்கு 15 ஷில்லிங் குடுத்ததா இருக்கு, ஒரு பவுண்டு கூட இல்ல. இவங்க முகத்தை வெச்சு எபிரேயத் தாய்னு வரைஞ்சாங்க, இன்னும் என்னென்னவோ நாட்டுக்காரியா வரைஞ்சாங்க. ரெபெக்கா சாலமன் 1861ல வரைஞ்ச ஒரு படத்துல இந்திய ஆயா! வெள்ளைக்காரச் சின்னப் பொண்ணு புக்கை வெச்சு பாடம் சொல்லிக் குடுக்குது, ஆயா உக்காந்து கேக்குது. அக்கா ஃபோனை வாங்கி ஜூம் பண்ணிப் பாத்துட்டு "வளத்து விட்டவளுக்கு இது வாத்தியாரா"ன்னா. ஆனா அதே வருஷம் ஜோனா பாய்ஸ் வெல்ஸ் வரைஞ்சதுல ஈட்டன் யாரா மாதிரியும் இல்ல, பக்கவாட்டு முகம், காதுல கம்மல், அவ்வளவு கம்பீரம். வரைஞ்ச ஜோனா அதே வருஷம் பிரசவத்துக்கு அப்புறம் செத்துட்டாங்க, முப்பதுக்குள்ள.

மறுநாள் யூஸ்டன்ல ட்ரெயின் பிடிச்சு வுல்வர்ஹாம்ப்டன், அங்க இருந்து பஸ்ஸுல விட்டிக் மேனர். பெயிண்ட் கம்பெனிக்காரரு ஒருத்தரு 1887ல கட்டின வீடு, சுவரெல்லாம் வில்லியம் மோரிஸ் வால்பேப்பர், உள்ள சிடாலோட சின்னப் படங்களும் இருக்கு. எவ்லின் டி மார்கன்ங்கற ஓவியருக்கு தனி கேலரியே இருக்கு. இவங்க பணக்கார வீட்டுப் பொண்ணு, 1873ல லண்டன் ஸ்லேட் ஓவிய ஸ்கூல்ல சேந்து முறையா படிச்சவங்க, அந்த வித்தியாசம் கையில தெரியுது. துணி மடிப்பு ஒவ்வொண்ணும் அப்படி ஒரு சுத்தம். மேரி எவ்லின்னு முழுப் பேரு, ஆனா எவ்லின் மட்டும் வெச்சுகிட்டாங்க, அப்போ அது ஆம்பளைக்கும் வைக்கிற பேரு. புருஷன் வில்லியம் டி மார்கன் பேரு பெத்த மட்பாண்டக் கலைஞர், ஆனா தொழில்ல நஷ்டம், இவங்க படம் வித்த காசும் அந்தச் சூளைக்குத்தான் போச்சு. எரியுற ட்ராய் நகரத்துக்கு முன்னாடி தலைமுடியைப் பிடிச்சுகிட்டு நிக்கிற கசாண்ட்ரா முன்னாடி நான் ரொம்ப நேரம் நின்னேன். நகரம் அழியும்னு முன்னாடியே சொல்லியும் யாரும் நம்பாதவ, சொன்னேனே யாராவது கேட்டீங்களாங்கற மூஞ்சி. இவங்க படங்கள்ல அடிக்கடி வர்ற மாடல் தங்கச்சிக்கு ஆயாவா இருந்த ஜேன் ஹேல்ஸ், வருஷக்கணக்கா ஒரே ஆளு.

திரும்பி வரப்போ வுல்வர்ஹாம்ப்டன் பிளாட்ஃபார்ம்ல ஊதக்காத்து, சமோசா ஆறிப் போச்சு. அக்கா பொண்ணு ரெண்டு நாளா மனசுலயே வெச்சிருந்திருக்கா போல, திடீர்னு "சித்தி, அந்த டாக்டர் காசை யாரு வாங்கினா, அந்த அக்காவா அவங்க அப்பாவா?"ன்னு கேட்டா. "கேட்டது அப்பாதான"ன்னா எங்க அக்கா, சமோசாவைப் பிச்சுகிட்டே. அதுக்குள்ள ட்ரெயின் வந்துருச்சு.