ஃபவுண்டன்ஸ் அபி அட்டை மாடல்: மேற்குக் கட்டடம் எழுந்துவிட்டது

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில், ரிப்பன் ஊருக்குப் பக்கத்தில், ஸ்கெல் ஆற்றங்கரையில் இடிந்து நிற்கும் மடாலயம் ஃபவுண்டன்ஸ் அபி. அதை 1:300 அளவில் கெட்டி அட்டையில் கட்டி வருகிறேன். தேவாலயச் சுவர்கள் ஏற்கெனவே நின்றுவிட்டன. இப்போது மேற்குக் கட்டடமும் முடிந்தது.

நிஜத்தில் இது 90 மீட்டருக்கு மேல் நீளம்; என் மேசையில் 30 சென்டிமீட்டரைத் தாண்டுகிறது. கீழ்த்தளத்தில் நடுவே ஒரே வரிசைத் தூண்கள், இருபுறமும் வளைவுக் கூரை. தூண்களுக்குப் போதிகையே (தூணின் தலையில் வரும் அகன்ற பகுதி) இல்லை. மேலிருந்து வரும் விலா வளைவுகள் நேரே தூணுக்குள் இறங்கிக் கலந்துவிடும். இதைக் கொண்டுவர மெல்லிய அட்டையைக் கீற்றாக நறுக்கி, லேசாக ஈரப்படுத்தி, தடித்த மார்க்கர் பேனாவில் சுற்றிக் காயவிட்டு ஒட்டினேன். காய்ந்த பிறகும் வளைவு அப்படியே நிற்கிறது.

இன்று ஒரே நீண்ட கூடமாகத் தெரிந்தாலும், அந்தக் காலத்தில் தடுப்புகள் இருந்தன: ஒரு பக்கம் சரக்கறை, தெற்கே பொதுநிலைச் சகோதரர்களின் (மடத்தில் சேர்ந்து உடலுழைப்பு வேலைகளைச் செய்தவர்கள்) சாப்பாட்டுக்கூடம். அவர்கள் படுத்தது மாடியில். அங்கிருந்து தேவாலயத்துக்குள் இறங்கத் தனிப் படிக்கட்டு. தடுப்புகள் இருந்த இடங்களைத் தரையில் பென்சில் கோடாகக் காட்டியிருக்கிறேன்.

1132இல் யார்க் நகரின் செயின்ட் மேரிஸ் மடத்திலிருந்து 13 துறவிகள் இன்னும் கண்டிப்பான வாழ்க்கை வேண்டும் என்று வெளியேறினார்கள். பேராயர் தர்ஸ்டன் இங்கே நிலம் கொடுத்தார். அப்புறம் சிஸ்டெர்சியன் என்ற கண்டிப்பான கத்தோலிக்கத் துறவற சபையில் சேர்ந்தார்கள். ஆட்டு ரோமம்தான் மடத்தைச் செல்வமாக்கியது. அந்தச் செல்வத்துக்காக உடம்பால் உழைத்தவர்கள் பெரும்பாலும் இந்த மாடியில் படுத்தவர்கள். அதனால்தான் அலங்காரமான கிழக்குப் பக்கத்தை விட்டுவிட்டு இதை முதலில் எடுத்தேன்.

1539இல் மன்னர் எட்டாம் ஹென்றி காலத்தில் மடம் மூடப்பட்டது. கூரை ஈயத்தை உரித்து எடுத்தார்கள். கூரை போனால் மழை சும்மா விடுமா? பிறகு பக்கத்தில் ஃபவுண்டன்ஸ் ஹால் என்ற மாளிகை கட்டவும் இங்கிருந்தே கல் போனது. அதனால் தேவாலயத்துக்குக் கூரை போடவில்லை. சுவர் உச்சிகளை மட்டும் கையால் பிய்த்துவிட்டேன். கத்தியால் வெட்டினால் சிதைவு மாதிரித் தெரியவில்லை.

அடுத்தது வடக்குக் கோபுரம். மர்மடூக் ஹியூபி மடத்தலைவராக இருந்தபோது (1495–1526) எழுப்பியது. ஆரம்பகால சிஸ்டெர்சியன் விதிகள் கல் கோபுரமே கூடாது என்றன. இதுவோ ஏறக்குறைய 50 மீட்டர். சுவர்கள் இன்றும் முழு உயரத்துக்கு நிற்பதால் இதற்குக் கத்தியேதான். ஜன்னல்களை வெட்டத் தொடங்கிவிட்டேன்.