லேப்டாப் நெட்டை ஸ்விட்ச்சுக்கும் பழைய பிஎஸ்பிக்கும் பகிர்வது: மேன்ஷன் அறைக்கான குறிப்புகள்

திருவல்லிக்கேணி மேன்ஷனானாலும் ஓஎம்ஆர் பக்கத்து பிஜியானாலும் நெட் வருகிற விதம் ஏறக்குறைய ஒன்றுதான். சுவரோரம் ஒரு லேன் வயர், இல்லையென்றால் வராந்தாவில் ஒரு ரூட்டர். ஆளுக்கு ஒரு லாகின், லாகினுக்கு ஒரு கருவி. லேப்டாப் உள்ளே போய்விட்டால் கேம் கன்சோலுக்கு இடம் கிடையாது. லேப்டாப்பையே குட்டி ரூட்டராக மாற்றிவிட்டால் வெளி நெட்வொர்க்குக்குத் தெரிவது லேப்டாப் மட்டும்தான். அங்கே இதற்கு அனுமதி உண்டா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். வார்டனிடம் மாட்டிக்கொண்டு விழிப்பதைவிட அது சுலபம்.

விண்டோஸில் எந்தப் பட்டனைத் தட்டுவது என்று தேடுவதற்கு முன்னால் கன்சோலின் வைஃபை எந்தத் தலைமுறை என்று பாருங்கள். பாதி நேரம் வீணாவது இதைப் பார்க்காததால்தான். நின்டெண்டோ ஸ்விட்ச்சும் ஸ்விட்ச் லைட்டும் வைஃபையின் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைகள் இரண்டையும் பிடிக்கும். நின்டெண்டோவின் கையடக்க 3டிஎஸ், சோனியின் பிஎஸ் வீட்டா இரண்டுக்கும் 2.4 மட்டுமே. அவற்றுக்கு முந்தைய சோனி பிஎஸ்பியும் நின்டெண்டோ டிஎஸ்ஸும் அதைவிடக் கீழே, வெறும் 802.11பி என்ற பழைய தலைமுறை வைஃபை. இந்தக் கடைசி இரண்டின் கதை தனி, பின்னால் வருகிறேன்.

ஸ்விட்ச்சுக்கு விண்டோஸ் 10 அல்லது 11 இருந்தால் வேறு சாஃப்ட்வேர் எதுவும் வேண்டாம். லேன் வயரை லேப்டாப்பில் செருகி, பிரவுசரில் லாகின் பக்கத்தை முடித்து, ஏதாவது ஒரு தளம் திறக்கிறதா என்று பாருங்கள். பிறகு செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், மொபைல் ஹாட்ஸ்பாட். எந்த இணைப்பைப் பகிர்வது என்ற இடத்தில் ஈத்தர்நெட், எதன் வழியாக என்ற இடத்தில் வைஃபை. ப்ராட்பேண்ட் டயல் செய்து உள்ளே போகிறவர்கள் ஈத்தர்நெட்டை விட்டுவிட்டு அந்த டயல்-அப் இணைப்பின் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எடிட் பட்டனில் பெயரையும் பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள். பெயர் சின்னதாக, ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும். பாஸ்வேர்ட் குறைந்தது 8 எழுத்து. கன்சோல் கீபோர்டில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டப்போவது நீங்கள்தான், விசித்திரக் குறிகளைப் போட்டு உங்களையே வதைத்துக்கொள்ளாதீர்கள். பேண்ட் (அலைவரிசை) என்ற இடத்தில் ஸ்விட்ச் என்றால் 5; 3டிஎஸ்ஸுக்கும் வீட்டாவுக்கும் 2.4. அடுக்குமாடிக் குடியிருப்பில் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்பது ரங்கநாதன் தெரு மாதிரி. ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே மூன்று, அதிலேயே மாடி முழுக்க ரூட்டர்கள். ஸ்விட்ச்சை லேப்டாப் இருக்கும் அதே அறையில்தான் வைத்து ஆடப்போகிறீர்கள் என்பதால் 5 சுவரைத் தாண்டாதே என்ற கவலையும் இல்லை.

ஸ்விட்ச்சில் சிஸ்டம் செட்டிங்ஸ், இன்டர்நெட், இன்டர்நெட் செட்டிங்ஸ். பட்டியலில் உங்கள் பெயரைத் தொட்டு பாஸ்வேர்டைக் கொடுத்தால் முடிந்தது. முடியவில்லை என்றால் உடனே ஸ்விட்ச்சைத் திட்டாமல் லேப்டாப் திரையைப் பாருங்கள். ஹாட்ஸ்பாட் பக்கத்தில் எட்டுக்கு எத்தனை கருவி இணைந்திருக்கிறது என்று ஒரு கணக்கு ஓடும். கீழே கருவியின் பெயர், ஐபி (நெட்வொர்க் அதற்குக் கொடுக்கும் முகவரி), மேக் முகவரி (கருவியின் சொந்த அடையாள எண்). நோயைச் சொல்வது இந்தப் பட்டியல்தான். ஸ்விட்ச் அங்கே வரவே இல்லை என்றால் பாஸ்வேர்டோ பேண்டோ தப்பு. வந்திருக்கிறது, ஆனால் ஐபி இடம் காலி என்றால், முகவரி கொடுக்கும் வேலையை லேப்டாப் செய்யவில்லை. 192.168.137 என்று தொடங்கும் ஐபி விழுந்தும் நெட் இல்லை என்றால், லேப்டாப்புக்கும் வெளி உலகத்துக்கும் நடுவில்தான் கோளாறு. பெரும்பாலும் லாகின் காலாவதி ஆகியிருக்கும்.

ஐபி காலியாக இருக்கும்போது முதல் சந்தேகம் மூன்றாம் தரப்பு ஆன்டிவைரஸின் ஃபயர்வால் மேல். அதை ஒரு நிமிடம் நிறுத்திப் பாருங்கள். அடுத்தது விபிஎன். அது ஓடிக்கொண்டிருந்தால் பகிர்வு எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நிற்கும். அதுவும் இல்லையென்றால் சர்வீசஸ் பட்டியலில் இன்டர்நெட் கனெக்‌ஷன் ஷேரிங் என்பதை ரீஸ்டார்ட் செய்யுங்கள். எதுவும் சரிப்படாதபோது கையால் போட்டுவிடலாம்: ஐபி 192.168.137.50, சப்நெட் மாஸ்க் 255.255.255.0, கேட்வே 192.168.137.1, டிஎன்எஸ் 8.8.8.8. எம்டியு (ஒரு தடவையில் அனுப்பும் தரவுப் பொட்டலத்தின் உச்ச அளவு) 1400 என்று ஸ்விட்ச்சிலேயே இருக்கும், அதைத் தொடாதீர்கள். வேகம் கூடும் என்று 1500 போடச் சொல்வார்கள். டயல் செய்து போகும் பிபிபிஓஇ இணைப்பின் உச்சமே 1492, அதற்கு மேல் போட்டு என்ன பயன்?

ஹாட்ஸ்பாட்டை ஆன் செய்யவே விடாமல், அமைக்க முடியவில்லை என்று விண்டோஸ் கைவிரித்தால் டிவைஸ் மேனேஜருக்குப் போய் மறைந்திருக்கும் டிவைஸ்களையும் காட்டச் சொல்லுங்கள். மைக்ரோசாஃப்ட் வைஃபை டைரக்ட் விர்ச்சுவல் அடாப்டர் என்று ஒன்று இருக்கும். யாரோ எப்போதோ டிசேபிள் செய்திருப்பார்கள், எனேபிள் செய்தால் சரி. இன்னொரு குழப்பம்: கமாண்ட் பிராம்ப்ட்டில் டிரைவர் விவரத்தைப் பார்த்து, ஹோஸ்டட் நெட்வொர்க் இல்லை என்று வந்ததும் பலர் மனம் விட்டுவிடுகிறார்கள். அது விண்டோஸ் 7 காலத்து முறை. இப்போதைய ஹாட்ஸ்பாட், ரூட்டர் இல்லாமல் கருவிகள் நேராகப் பேசும் வைஃபை டைரக்ட் முறையில் ஓடுகிறது, அந்த ‘இல்லை’க்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. கம்பெனி கொடுத்த லேப்டாப்பில் பட்டனே மங்கிக் கிடந்தால் அது ஐடி துறை போட்ட பூட்டு. அதோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

எல்லாம் நன்றாக ஓடி, டீ குடித்துவிட்டு வந்தால் நெட் இல்லை என்பது அடுத்த புகார். ஸ்விட்ச் தூங்கப் போனதும் இணைப்பை விடும். யாரும் இணைந்திருக்கவில்லை என்றால் 5 நிமிடத்தில் விண்டோஸ் ஹாட்ஸ்பாட்டை அணைத்துவிடும். அதே பக்கத்தில் பவர் சேவிங் என்ற பட்டனை ஆஃப் செய்யுங்கள். லேப்டாப் மூடியை மூடினால் தூங்கும் அமைப்பையும் மாற்றிவிடுங்கள். கரண்ட் போனால் லேப்டாப் பேட்டரியில் தாக்குப்பிடிக்கும், வராந்தாவில் லேன் வயர்களைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி தாக்குப்பிடிக்காது. கரண்ட் வந்த பிறகு லாகின், ஹாட்ஸ்பாட் என்ற வரிசையில் இரண்டையும் திரும்ப ஒருமுறை பார்த்துவிட வேண்டியிருக்கும்.

லேன் வயர் இல்லாமல் வைஃபையிலேயே வாங்கி வைஃபையிலேயே கொடுப்பவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. ஒரே ரேடியோ இரண்டு பக்கமும் பேச வேண்டும், அதனால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். அதைவிடப் பெரிய தொல்லை, லேப்டாப் எந்த சேனலில் ரூட்டரோடு பேசுகிறதோ அதே சேனலில்தான் பெரும்பாலான கார்டுகளால் ஹாட்ஸ்பாட்டும் கொடுக்க முடியும். ரூட்டரை 5 கிகாஹெர்ட்ஸில் பிடித்திருக்கும் லேப்டாப்பின் ஹாட்ஸ்பாட் 3டிஎஸ் கண்ணில் படவே படாது. டிவைஸ் மேனேஜரில் வைஃபை அடாப்டரின் அட்வான்ஸ்டு பகுதிக்குப் போய், ப்ரிஃபர்ட் பேண்ட் என்பதில் 2.4-ஐத் தேர்ந்தெடுத்து ரூட்டரோடு மறுபடி இணையுங்கள். இன்டெல் கார்டுகளில் இந்த வரி இருக்கும்.

ஆன்லைனில் ஆடும்போது அறைத் தோழனோடு மட்டும் சேர்ந்து, தூரத்து நண்பனோடு சேராமல் போனால் அது நாட் விவகாரம், அதாவது பல கருவிகளை ஒரே முகவரிக்குப் பின்னால் மறைத்து வைக்கும் ஏற்பாடு. ஸ்விட்ச்சின் கனெக்‌ஷன் டெஸ்ட் கடைசியில் ஏ, பி, சி, டி என்று ஓர் எழுத்து காட்டும். லேப்டாப் ஒரு நாட், மேன்ஷன் ரூட்டர் ஒரு நாட், நெட் கொடுப்பவர் தன் பக்கம் இன்னொன்று வைத்திருந்தால் மூன்று. டி வந்தால் டவுன்லோடுக்கும் அப்டேட்டுக்கும் குறையில்லை, மற்றவர்களோடு ஆடுவதுதான் சிரமம். ஆட்டம்தான் முக்கியம் என்றால் அந்த நேரத்துக்கு மொபைல் டேட்டாவையும் ஒருமுறை முயன்று பாருங்கள்.

இனி பிஎஸ்பியும் டிஎஸ்ஸும். பர்மா பஜாரிலோ பழைய பொருள் கடையிலோ வாங்கி வந்தவர்கள் விண்டோஸ் ஹாட்ஸ்பாட்டோடு மணிக்கணக்கில் மோதுவார்கள். அது நடக்கவே நடக்காது. வைஃபை டைரக்ட் விதிப்படி 1, 2, 5.5, 11 எம்பிபிஎஸ் என்ற 802.11பி வேகங்களில் பேசக் கூடாது, அங்கே குறைந்தபட்சமே 6. பிஎஸ்பிக்குத் தெரிந்ததோ அந்த நான்கு மட்டும்தான். போதாததற்கு வைஃபை பூட்டு வகைகளில் விண்டோஸ் கேட்பது டபிள்யூபிஏ2. டிஎஸ்ஸுக்கு மிகப் பழைய பூட்டான டபிள்யூஈபியைத் தாண்டி எதுவும் தெரியாது, பிஎஸ்பி பழைய டபிள்யூபிஏ வரை வரும். 2005-ல் நின்டெண்டோ இதற்கென்றே ஒரு யூஎஸ்பி குச்சி விற்றது. பஃபலோ தயாரிப்பு, விண்டோஸ் எக்ஸ்பிக்கானது. இன்றைக்கு அதைத் தேடி அலைவது வீண்.

வழி லினக்ஸ்தான். பென்டிரைவிலிருந்து உபுண்டுவை ஓடவிட்டால்கூடப் போதும். லேன் வயரில் நெட் வரட்டும். நெட்வொர்க் கனெக்‌ஷன் எடிட்டரில் புது வைஃபை இணைப்பு ஒன்று போடுங்கள்: மோட் ஹாட்ஸ்பாட், பேண்ட் பி/ஜி, சேனல் 6, செக்யூரிட்டி நன், ஐபிவி4 பகுதியில் மற்ற கணினிகளோடு பகிர்வது என்ற முறை. லேப்டாப் 10.42.0.1 என்ற முகவரியை எடுத்துக்கொள்ளும், மிச்சத்தை அதுவே கவனிக்கும். பூட்டில்லாத வைஃபை என்பதால் பக்கத்து அறையும் சேர்ந்துகொள்ளலாம், வேலை முடிந்ததும் அணைத்துவிடுங்கள். லேப்டாப்பின் உள் வைஃபை கார்டு ஏபி மோடுக்கு (தானே ஹாட்ஸ்பாட்டாக நிற்பதற்கு) மறுத்தால் ரிச்சி தெருவில் தனி யூஎஸ்பி வைஃபை டாங்கிள் கிடைக்கும். பெட்டியில் எழுதியிருக்கும் வேகத்தைப் பார்க்காதீர்கள், உள்ளே என்ன சிப் என்று கேளுங்கள். அத்தெராஸ் ஏஆர்9271, ராலிங்க் ஆர்டி5370 இரண்டும் லினக்ஸில் சொன்ன பேச்சைக் கேட்கும். கடைக்காரருக்கு சிப் தெரியவில்லை என்றால் லேப்டாப்பை எடுத்துப்போய் அங்கேயே செருகிப் பார்த்து வாங்குங்கள்.

டிஎஸ்ஸில் வைஃபை அமைப்பு கன்சோல் மெனுவில் இருக்காது, ஆன்லைன் வசதியுள்ள கேமுக்குள் போய்த்தான் திறக்க வேண்டும். அங்கே மூன்று இணைப்புகளுக்கு இடம் உண்டு. நின்டெண்டோவின் பழைய சர்வர்கள் 2014 மே 20-ல் மூடப்பட்டன. இப்போது ரசிகர்கள் நடத்தும் சர்வர்கள்தான், அதற்கு டிஎன்எஸ் முகவரியை மட்டும் கையால் மாற்றினால் போதும். 3டிஎஸ்ஸின் ஆன்லைன் ஆட்டமும் 2024 ஏப்ரல் 8-ல் முடிந்தது.

பிஎஸ்பியில் எல்லாம் சரியாக இருந்தும் ஸ்கேனே ஓடவில்லை என்றால், உடம்பில் இருக்கும் டபிள்யூலேன் சுவிட்ச்சைத் தடவிப் பாருங்கள். முதல் மாடலில் இடது பக்கம், 3000 மாடலில் மேல் பக்கம். பையில் உரசியே ஆஃப் ஆகிக் கிடக்கும்.