பட்டியலில் ஒரு சிவப்புப் புள்ளி

மாதம் ஒரு வார இறுதி, வருடத்துக்கு இரண்டு வாரம். 1915-இல் தொடங்கிய அமெரிக்கக் கடற்படை ரிசர்வில், அதாவது வேறு வேலை பார்த்துக்கொண்டே பயிற்சி எடுத்து, தேவைப்பட்டால் பணிக்கு அழைக்கப்படும் படையில், எங்களில் பலருக்கு இதுதான் கணக்கு. மற்ற நாட்களில் நான் கணினி முன்னால் இருப்பவன். என் பொறுப்பில் ஒன்பது பேர். நர்ஸ் உண்டு, லாரி ஓட்டுநர் உண்டு.

போன சனிக்கிழமை காலை அணிவகுப்பில், என் கையிலிருந்த பட்டியலில் ஒரு பெயருக்கு நேரே சிவப்பு. வருடாந்திரப் பல் பரிசோதனை பாக்கி. சின்ன விஷயம்போலத் தெரியும். ஆனால் அழைப்பு வந்தால் அவனை அனுப்ப முடியாது. நடுக்கடலில் பல் வீங்கினால் கப்பலில் அவனுடைய முறைக் காவல் பணியை இன்னொருவர்தான் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பையன் இரவு ஷிஃப்ட் முடித்து நேராக வந்திருந்தான். கண் சிவந்திருந்தது, பூட்ஸ் மட்டும் பளபளவென்று. எல்லோர் முன்னாலும் கேட்க எனக்கு மனமில்லை. தனியே அழைத்துக் கேட்டேன். வேலையிடத்தில் லீவு கேட்கத் தயக்கமாம். ஒரு மாதமாக நான் ஒரு ஃபோன்கூடப் போட்டு விசாரிக்கவில்லை. அது என் தவறு, அவனிடமே சொன்னேன். சரி என்று இருவரும் உட்கார்ந்து அப்பாயின்ட்மென்ட் போட்டோம்.

செவ்வாய் மதியம் செய்தி வந்தது: ஒரு பல் அடைக்கணுமாம், வியாழன் மறுபடி போகிறான்.