ஆறு விழுங்கிய கோயிலும் மேடேறிய அரசியும்

போர்ச்சுகலின் கோயிம்பிரா நகருக்குப் போகிறவர்கள் முதலில் மேட்டின் மேலிருக்கும் பல்கலைக்கழகத்தைத்தான் பார்ப்பார்கள். நான் பாலத்தைத் தாண்டி மொண்டேகு ஆற்றின் இடக்கரைக்குப் போனேன். புனித இசபெல் அரசி எழுப்பிய கிளாரா சபைக் கன்னியர் மடம் அங்கேதான் இருக்கிறது.

சாலையிலிருந்து பார்த்தால் கோயில் பள்ளத்துக்குள் நிற்பதுபோல் தெரிகிறது. உள்ளே நுழைந்ததும் காரணம் புரிந்துவிடும். ஏற்கெனவே தொடங்கி மூடப்பட்டிருந்த மடத்தை 1314இல் இசபெல் மறுபடி நிறுவினார். கோயில் 1330இல் அர்ச்சிக்கப்பட்டது, அதாவது வழிபாட்டுக்கெனப் புனிதப்படுத்தப்பட்டது. மறு வருடமே வெள்ளம் உள்ளே வந்துவிட்டது! அப்புறம் அதுவே வாடிக்கையாகிவிட்டது. தண்ணீர் ஏற ஏறத் தரையை உயர்த்தினார்கள். பதினேழாம் நூற்றாண்டில் கோயிலின் பாதி உயரத்தில் ஒரு தளமே போட்டு, மேலே பூசை நடத்தினார்கள். அந்தத் தளத்தைத் தாங்கிய வளைவுகள் இன்னும் இருக்கின்றன. கடைசியில் 1677இல் கன்னியர்கள் மடத்தைக் காலிசெய்தார்கள். அர்ச்சிப்பிலிருந்து எண்ணினால் 347 வருடம் ஆற்றோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். நானாக இருந்தால் முதல் வெள்ளத்திலேயே மூட்டை கட்டியிருப்பேன்.

ஏழ்மை விரதம் பூண்ட கிளாரா சபையாரின் கோயில்களுக்கு அந்நாட்டில் மரக்கூரைதான் வழக்கம். இங்கே தூண் வரிசைகள் பிரிக்கும் மூன்று நடைக்கும் கல்லாலேயே வளைவுக் கூரை. அரசியின் காசு பேசுகிறது என்று தோன்றியது. சுவரில் பெரிய வட்ட ஜன்னல். (ஜன்னல் என்ற சொல்லே இவர்கள் நமக்குத் தந்ததுதான்.) வெளியே நடைமுற்றத்தின் அடித்தளமும் நீர்த்தொட்டிகளும் கிடக்கின்றன. 1995இல் தொடங்கிய அகழாய்வு சேற்றை அள்ளிய பிறகுதான் இதெல்லாம் வெளியே வந்தது. கோயிலைக் கெடுத்த சேறே இவ்வளவையும் பத்திரமாக மூடியும் வைத்திருந்திருக்கிறது.

கணவர் தினிஸ் அரசர் 1325இல் இறந்ததும் இசபெல் கிளாரா சபை உடையை உடுத்திக்கொண்டார். ஆனால் துறவற வார்த்தைப்பாடு, அதாவது துறவியாக வாழும் சத்தியம், கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் சொத்து கையைவிட்டுப் போயிருக்கும், ஏழைகளுக்குக் கொடுக்க முடியாது. எனக்கு அவர்மேல் பக்தி வந்ததே இந்தக் கணக்கினால்தான். மடியில் மறைத்த அப்பம் கணவர் கேட்டபோது ரோஜாவாக மாறிய கதையை ஊரே சொல்கிறது. அதே கதையை ஹங்கேரியின் புனித எலிசபெத்துக்கும் சொல்வார்கள். அவர் இவருடைய பாட்டிக்கு அக்கா முறை.

சரி, அரசி எங்கே? கன்னியர்களோடு அவரும் மேடேறிவிட்டார். புது மடம் எதிரிலுள்ள எஸ்பெரான்சா குன்றின்மேல் இருக்கிறது. எஸ்பெரான்சா என்றால் நம்பிக்கை. ஏற்றம் செங்குத்து, செபமாலை சொல்லிக்கொண்டே ஏறலாம் என்று தொடங்கினேன், பாதியிலேயே மூச்சு வாங்கி நிறுத்திவிட்டேன்.

பீடத்தின்மேல் வெள்ளிப் பேழையில் அவருடைய உடல் இருக்கிறது. என்னைப் பிடித்து நிறுத்தியது அது அல்ல. கன்னியர் பாடற்கூடத்தில் இருக்கும் பழைய கல்லறைதான். அவர் உயிரோடிருந்தபோதே மெஸ்த்ரே பேரு என்ற சிற்பி செதுக்கியது. தலையில் கிரீடம், உடலில் துறவு உடை, பக்கத்தில் யாத்திரிகரின் கோல், பை. கணவர் இறந்த ஆண்டே ஸ்பெயினிலுள்ள புண்ணியத் தலமான சந்தியாகோவுக்கு யாத்திரை போய்வந்தவர் அல்லவா! கோலோடு படுத்திருக்கும் அந்த முகத்தைப் பார்த்தபடி, வழியில் விட்ட செபமாலையின் மீதியைச் சொல்லி முடித்தேன்.